முதுகு காட்டும் பாட்டு

நாசமாய்ப் போன பாலேந்திரனுக்கு வீட்டில் ஏற்கெனவே இரண்டு பெண்சாதிமார். ஒருத்தி நோர்வேச் சட்டப்படி, மற்றவள் “கர்த்தருக்கு முன்பாக”. மூன்றாவதாக என் தங்கச்சி இமெல்டாவைக் கேட்டான். அவன்தான் எங்கள் சபையின் மூத்தவர். கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அம்மாதான் ஏதேதோ சாட்டுச் சொல்லி 2004 மாசிவரை இழுத்தடித்தாள்.

லோறென்ஸ்கூக்கில் ஒரு வீட்டின் கீழ்த்தட்டில் கூடும் சபை அது. அங்கே மீசை முளைத்த பெடியன் ஒருவனும் மிச்சமில்லை. பெட்டைகள் எல்லாரும் இருக்கிறார்கள். என்னைச் சபையை விட்டுத் தள்ளியது படம் பார்க்கப் போனதற்காக. எனக்கு முன்னால் கிருபனைத் தள்ளியது பந்தடித்ததற்காக. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். பெடியன்கள் நின்றால் மேய முடியாதே!

தள்ளப்பட்டவனைக் கண்டால் சபையார் முதுகைக் காட்டி நின்று பாடவேண்டும். அவனோடு ஒரு சொல் கதைத்தவரும் அந்த இடத்திலேயே தள்ளுபடி. ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் பெற்ற தாய் என்னைக் கண்டுவிட்டு, உருளைக்கிழங்குக் குவியலைப் பார்த்துப் பாடினாள். அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது.

பொலிசுக்குப் போனேன். இமெல்டாவுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதாம். அவளாக வந்து சொன்னால்தானாம்.

என்னோடு அறையில் இருந்த கிருபன்தான் சொன்னான்: “மச்சான், அவள் உன்னோடை ஒரு சொல்லுக் கதைச்சாலே காணுமடா. அவங்களே தள்ளிவிட்டிடுவாங்கள். பிறகென்ன கலியாணம்?”

கோதாரி, இது எனக்குத் தோன்றவில்லையே!

கலியாண ஞாயிறு காலை பஸ் ஏறிப் போனேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. சபை வீட்டு வாசலில் எல்லாரும் நின்றார்கள். வெள்ளைச் சேலையில் இமெல்டா. அவள் கையைப் பிடித்தபடி அம்மா. என்னைக் கண்டதும் பாலேந்திரன் கையை உயர்த்தினான். அத்தனை பேரும் சுவர்ப்பக்கம் திரும்பிப் பாடத் தொடங்கினார்கள்.

“இமெல்டா! ஓமெண்டு சொல்லு, இல்லையெண்டு சொல்லு, என்னைத் திட்டு! ஒரு சொல்லுக் காணும், உன்னைக் கூட்டிக்கொண்டு போறன். நாளைக்கு அவன்ரை வீட்டிலை நீ கத்தினாலும் ஒருத்தரும் கேக்கமாட்டினம்!”

அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள்.

“சொல்லடி, என்ரை தெய்வமே, சொல்லடி!” பனிக்குள் முழந்தாளிட்டுக் கெஞ்சினேன்.

“தொப்பி போடாமல் ஏன்ரா இந்தக் குளிருக்குள்ளை நிக்கிறாய்?”

அம்மா. திரும்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவளுக்கே விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாலேந்திரன் சத்தம் போடவில்லை. இமெல்டாவின் கையிலிருந்து அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

“மேரியம்மா தள்ளுபடி,” என்றான்.

“ஐயோ, பிள்ளையைத் தனிய விட்டிட்டு நான் எங்கை போவன்? இமெல்டா! அம்மாவைப் பாரம்மா!”

இமெல்டா எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டியபடியே நின்றாள். விட்ட இடத்திலிருந்து மறுபடி பாடத் தொடங்கினாள்.