இடப்பக்கம்

வலங்கைமானுக்குத் தெற்கே ஒரு வயலில் வீரையன் குறுவை நடவுக்காகச் சேற்றுழவு ஓட்டிக்கொண்டிருந்தார். வயது அறுபத்திரண்டு. முப்பது வருஷமாக டிராக்டர் ஓட்டுகிறவர். மனைவி அம்சம் சாப்பாட்டுத் தூக்கோடு இடப்பக்க வரப்பிலிருந்து வயலில் இறங்கிக் கை காட்டினாள். அவர் அவள் பக்கம் திரும்பியதுபோலத்தான் இருந்தது. வண்டி நிற்கவில்லை. கடைசி நொடியில் அவள் பின்னால் பாய்ந்து விழுந்தாள். இரும்புச் சக்கரம் படவில்லை. விழுந்ததில் கணுக்கால் எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தவள் திட்டவில்லை.

"என்னைப் பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்திருந்தா ஓட்டுவனா அம்சம்?"

"அப்ப மொதல்ல போய்க் கண்ணைக் காட்டுங்க."

கும்பகோணத்தில் கண் டாக்டர் ஆயிஷா அவரை ஒரு கருவிக்கு முன்னால் உட்காரவைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். நெடுநேரம் புள்ளியே வரவில்லை என்று வீரையன் நினைத்தார். அவை வந்துகொண்டேதான் இருந்தன.

"புரைதானே டாக்டர்? ஆபரேஷன் பண்ணுனா சரியாயிடும்ல?"

"புரை இல்லைங்க ஐயா, கிளாக்கோமா. கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு கொஞ்சங்கொஞ்சமா அழிஞ்சிருக்கு. வலியே இருக்காது, அதான் உங்களுக்குத் தெரியல. ரெண்டு கண்ணுலயும் ஓரப் பார்வை போயிருக்கு, இடது பக்கம் ரொம்ப மோசம். போனது திரும்பி வராதுங்க. மிச்சத்தைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தலாம். ஒருநாளும் விடக்கூடாது. இனிமே வண்டி வேண்டாம்."

அவர் மருந்துச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"கூடப் பொறந்தவங்க இருந்தா அவங்களையும் வந்து பாத்துக்கச் சொல்லுங்க. குடும்பத்துல வர்ற நோய் இது."

எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். தம்பி முருகையன் குத்தாலத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினார். முருகையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"எனக்கென்னண்ணே? கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறேன்."

"நானுந்தான்டா படிக்கிறேன். அவ நின்னதுதான் தெரியல." வீரையன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் வண்டிக்கு முன்னால பின்னால பச்சப்புள்ளைங்க ஓடுதுடா."

முருகையன் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

கும்பகோணத்தில் சோதித்துப் பார்த்ததில், அவனுக்கும் அழுத்தம் ஏறியிருந்தது. பார்வை இன்னும் போகவில்லை. சொட்டு மருந்தைத் தவறாமல் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் வேன் ஓட்டலாம் என்றார் டாக்டர்.

வீரையன் டிராக்டரை விற்றுவிட்டார். அம்சம் நொண்டி நொண்டி நடக்க ஆரம்பித்த பிறகு, மருந்து போடுகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். ஒருநாள் அவள் கையில் முகத்தைக் கொடுத்தபடி அவர் சொன்னார்:

"உன்னைக் கொன்னிருப்பேன்."

"அசையாதீங்க," என்றாள் அவள். "மருந்து வெளியில போயிடும்."