அறுநூறு மீட்டர் பயணிகள்

தெருமுனையில் நிற்கிற பதினாலாம் நம்பர் பஸ்ஸை மாநகராட்சி எடுக்கப் போகிறது என்ற சேதி முதலில் எனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்ததால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. காலியாக ஓடும் பஸ் காற்றைக் கெடுக்கிறதாம். நிலைத்த வளர்ச்சித் திட்டப்படி ஒரு வாரம் ஆட்களை எண்ணிப் பார்த்து, கூட்டமில்லாத தடங்களை நிறுத்திவிடுவார்களாம். பச்சை இலைப் படம் போட்டுக் கம்பத்தில் நோட்டீஸே ஒட்டியிருந்தார்கள்.

மற்றவர்களுக்கு அது போனால் போகட்டும் என்கிற பஸ். கீழ்வீட்டுத் தையல்காரருக்கு அப்படியில்லை. இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட மனிதர். வாரம் மூன்று நாள், காலை ஏழேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் கடைசி ஸ்டாப்பில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்குப் படுக்கை கிடைக்கும். வாடகைக் காருக்கெல்லாம் அவர்களுக்கு வழியில்லை.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் அழுது நான் பார்த்ததில்லை. பார்த்துவிட வேண்டும் என்று எட்டிப் பார்த்ததுண்டு. அன்றைக்கு மாடிப்படியில் உட்கார்ந்து, நோட்டீஸில் இருந்ததை நான்கு தரம் என்னைச் சொல்ல வைத்தாள். நான்காம் தரமும் அதேதான்.

யோசனை பாயின்ட் மாமாவுடையது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வாயைத் திறந்தால் 'முதல் பாயின்ட்' என்றுதான் ஆரம்பிப்பார். மூன்றாவது பாயின்ட்டை இதுவரை யாரும் நின்று கேட்டதில்லை. எண்ணுகிற வாரம் தெருவே பஸ்ஸில் ஏறிவிட்டால் என்ன என்றார். இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன ஒரே உருப்படியான பாயின்ட் என்று ஒப்புக்கொண்டோம்.

ஏறினோம். சலவைக்கடைக்காரர், அவர் மச்சினி, எதிர்வீட்டுக் கூட்டம் மொத்தமும். ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் இருவர் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஜன்னலோரம் யாருக்கு என்பதில் பேச ஆரம்பித்தார்கள். யார் வீட்டுக் கல்யாணம் என்று டிரைவர் கேட்டார். எண்ண வந்த பெண், யார் எங்கே ஏறுகிறார், எங்கே இறங்குகிறார் என்று டேப்லெட்டில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

கடைசி ஸ்டாப் வரை போய் வர இரண்டு மணி நேரம். அவரவருக்கு அடுப்பு இருக்கிறது, கடை இருக்கிறது. அதனால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்து திரும்பிவிடலாம் என்று முடிவானது. சொன்னது நான்தான், மறைப்பானேன். தலையை எண்ணத்தானே வருகிறார்கள் என்று மாமாவும் தலையாட்டினார். தினமும் நாற்பது பேர் ஏறி, நாற்பது பேரும் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, சிரித்துப் பேசிக்கொண்டு வீடு திரும்பினோம். ஆஸ்பத்திரி நாட்களில் பஸ்ஸில் தையல்காரரும் அக்காவும் மட்டும் மிச்சம். அவர் ஜன்னல் வழியாகக் கூச்சத்தோடு கையசைப்பார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. பதினாலாம் நம்பர் தப்பித்தது. எங்கள் ஸ்டாப்தான் போயிற்று.

அக்காவோடு நானும் மாமாவும் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி, கம்ப்யூட்டரைத் திருப்பியே காட்டினார். எங்கள் ஸ்டாப்பில் ஏறுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் போவது அறுநூறு மீட்டர். நின்று கிளம்பும்போதுதான் பஸ் அதிகம் புகை விடுகிறது. அந்தத் தூரத்தை ஜனங்களை நடக்க வைப்பதுதான் திட்டமே என்றார்.

"இவ்வளவு கிட்டத்துக்கு இவ்வளவு பேர் பஸ் ஏறுற தெருவை நாங்க வேற எங்கயும் பார்க்கலைங்க."

அக்கா மெதுவாகக் கேட்டாள். "மிச்சப் பேரு?"

"எந்த மிச்சம்மா?"

"கடைசி வரைக்கும் போனவங்க."

அவர் தேடினார். பாவம், உண்மையாகவே தேடினார். அந்த அளவு சின்ன எண்ணிக்கை அறிக்கையில் வராதாம்.

மாமா பொறுக்காமல் நடந்ததை அப்படியே போட்டு உடைத்தார். அதிகாரி கோபப்படவில்லை. "அப்போ அந்த நாப்பது பேரையும் கழிச்சிடட்டுமா சார்? கழிச்சா ஆள் பத்தாதுன்னு தடமே போயிடும்," என்றார். 'முதல் பாயின்ட்' என்று ஆரம்பித்த மாமா, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துகொண்டார்.

அடுத்த ஸ்டாப் வரைக்கும் நடைபாதை போட்டுப் பச்சை அடித்துவிட்டார்கள். அழகாகத்தான் இருக்கிறது. தையல்காரர் அதில் கால்வாசி நடப்பார், பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிடுவார். முதல் வாரம் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டாம் வாரம் சலவைக்கடைக்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, மற்றவர்களுக்கு வேலை வந்துவிட்டது. எனக்கும்தான். மூன்று நாள் இரண்டானது, இரண்டு ஒன்றானது. அவர் கால் வீங்கிச் செருப்பு நுழைவதில்லை என்று அக்கா சொன்னாள். நான் கேட்காமலே சொன்னாள்.

இன்று ஏழேகாலுக்கு, அவரை வாசற்படியில் உட்கார வைத்துவிட்டு, அவள் பழைய ஸ்டாப் இருந்த இடத்தில் தனியாக நின்று கை காட்டினாள். டிரைவருக்கு அவளை நன்றாகத் தெரியும். வேகத்தைக் குறைக்கவில்லை. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.