பருத்தி அறையில் மூன்று பேர்

தலையணையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள் ராமாமணி. பிணத்தின் மூக்கில் வைக்கப் பஞ்சு கேட்டிருந்தார்கள்.

"ஏனுங் அம்மணி, பருத்தி யாவாரம் பண்ற ஊட்டுல தலகாணியையா கிழிக்கறீங்க?" என்றாள் பக்கத்து வீட்டு முத்தாத்தாள். "அந்த ரூமைத் தொறந்தா மூட்டை மூட்டையா கெடக்குமே!"

"சாவி மாமாகிட்ட இருந்துதுங்க. எங்க வெச்சாரோ தெரியல."

சாவி அவள் ரவிக்கைக்குள் குத்திக்கொண்டிருந்தது.

மாமனார் அரங்கசாமி விடிகாலையில் மாரடைப்பில் போய்விட்டார். அந்த வருஷம் இலங்கையில் கலவரம். காகிதம் இல்லாமல் படகேறித் தப்பி வந்தவர்களைப் பருத்தி வண்டியில் மறைத்து, ஆனைமலைப் பக்கம் எஸ்டேட்டுகளில் கொண்டுபோய் விடுவது அவருடைய ரகசியத் தொழில். வண்டி ஓட்டுவது மகன் சுந்தரராஜுலு, ராமாமணியின் புருஷன். இன்று போயிருக்க வேண்டியவர்கள் பருத்தி அறைக்குள் அடைபட்டிருந்தார்கள். சின்னத்தாயி, அவள் புருஷன், நாலு மாதக் கைக்குழந்தை.

காலையில் ஒரு செம்புத் தண்ணீரை உள்ளே வைத்துவிட்டு ராமாமணிதான் சொன்னாள்: "ஊரே வரப்போவுது. கொழந்தை சத்தம் கேட்டுச்சுன்னா எங்க ஊட்டுக்காரருக்கும் வெலங்கு, உங்களுக்கும் வெலங்கு. எப்படியாச்சும் பாத்துக்கங்க."

பிணம் எடுக்கும்வரை வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. ஒரு வாய் பால்கூடக் காய்ச்ச வழியில்லை. சின்னத்தாயிக்கோ நேற்றே பால் வற்றிவிட்டது. பெங்களூரிலிருந்து மகள் வந்து அப்பன் முகத்தைப் பார்க்காமல் பிணத்தை எடுக்கவும் முடியாது.

மத்தியானம் மணியக்காரர் நரசிம்மலு வந்தார். கூடவே போலீஸ் ஏட்டு. நிழலாக இருக்கிறதென்று இருவரும் பருத்தி அறைக் கதவோரமாகவே பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

உள்ளே குழந்தை சிணுங்கியது. பிறகு வீரிட்டது.

ஏட்டு திரும்பினார். "என்னங்க அது?"

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மாமியார் பங்காரம்மா, அந்தக் கணத்தில் மார்பில் அறைந்துகொண்டு அலறினாள்.

"என்ற ராசா! என்னையத் தனியா உட்டுப்போட்டுப் போயிட்டீங்களே!"

பெண்கள் பாய்ந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஒப்பாரி கூரையைப் பிளந்தது. ராமாமணியும் தொண்டை கிழிய அழுதாள்.

"இப்பத்தான் பெரியம்மாளுக்கு அழுகையே வந்திருக்குது. நல்லா அழுவட்டும்" என்றார் மணியக்காரர். ஏட்டு தலையாட்டிவிட்டு வெற்றிலையை மடித்தார்.

வெகுநேரம் கழித்துப் பங்காரம்மா மூச்சு வாங்க நிறுத்தினாள். அறையில் ஒரு சத்தமும் இல்லை. மாமியாரின் முகம் தெளிந்தது. ராமாமணி பருத்தி அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பசித்த குழந்தை அப்படிச் சட்டென்று அடங்காது.

அவள் எழுந்தாள். பங்காரம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துத் தோளில் சாய்ந்துகொண்டாள். பார்த்தவர்களுக்கு ஆறுதல் தேடுவதுபோல் இருந்தது.

"புருசன் வேணுமா, வேண்டாமா? உக்காரு" என்றாள் காதில்.

ராமாமணி பெஞ்சில் இருந்த ஏட்டைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

பெங்களூர் மகள் வந்து சேர நாலரை ஆயிற்று. ஐந்து மணிக்குப் பிணம் புறப்பட்டது. சுந்தரராஜுலு கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். ஏட்டும் மற்ற ஆண்களும் பின்னால் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் தலை முழுகக் கிணற்றடிக்குப் போனதும் ராமாமணி பூட்டைத் திறந்தாள்.

மூட்டைகளுக்கு நடுவே புருஷன்காரன் சுவரைப் பார்த்தபடி இருந்தான். சின்னத்தாயி குழந்தையின் முகத்தை மார்போடு அழுத்திப் பிடித்திருந்தாள். பிடியை இன்னும் விடவில்லை. வெளியே தொங்கிய சின்னக் கால் நீலம் பூத்திருந்தது.

"வெளிய கேக்கலீங்களே, அம்மா?" என்றாள்.

"கேக்கலைங்க."

"இப்ப நான் அழலாங்களா?"

கிணற்றடியிலிருந்து பேச்சுக்குரல்கள் நெருங்கி வந்தன. ராமாமணி பூட்டைக் கையில் எடுத்தாள்.

"ஆளுக வாராங்க."

சின்னத்தாயி சேலைத் தலைப்பைச் சுருட்டித் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

ராமாமணி கதவைப் பூட்டி, அதிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பங்காளி வீட்டிலிருந்து வந்த வரக்காப்பியை முத்தாத்தாள் ஈரத்தலையோடு கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிங்க அம்மணி. மாமனாருன்னா இத்தனை பாசமாக்கும்!"

ராமாமணி டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். முதுகுக்குப் பின்னால், உள்ளிருந்து சின்னத்தாயி சாய்ந்திருந்த கதவு அதிர்ந்துகொண்டே இருந்தது. காப்பி தளும்பி மடியில் சிந்தியது.