பாதிக் குளியல்

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறி, குளியலறைக்கு வெளியே சுவரில் இருந்த வெள்ளை டப்பாவின் திருகுகளைக் கழற்றினாள் ஜாசிரா. அம்மாவின் கம்பளிச் சட்டையை எடுத்து வருகிறேன் என்று சொல்லித்தான் சவக்கூடத்திலிருந்து வந்திருந்தாள்.

அப்பாவுக்கு மாரடைப்பு என்று டாக்டர் எழுதிவிட்டார். வயதானவர், ஷவருக்குக் கீழே விழுந்து கிடந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் சவப்பெட்டியில் அப்பாவின் கைகளைக் கோத்து வைத்தபோது, நடுவிரல் நுனியில் அரிசியளவு வெளுத்த தீப்புண்ணை அவள் பார்த்தாள். அம்மா பார்ப்பதற்குள் வெள்ளைச் சாமந்திகளை அதன்மேல் நகர்த்தினாள்.

"சுடுதண்ணி ஓடிட்டேதான் இருந்துச்சு," என்று அம்மா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "குளிர்ல நடுங்காம போனாரு. அதாவது கிடைச்சுதே."

வாசலில் காலடி. காரில் காத்திருந்த பக்கத்து வீட்டு வால்டெசிர்.

"என்னம்மா, சட்டையை உங்கம்மா சுவத்துக்குள்ளயா வெச்சிருக்கா?"

"ஒரு நிமிஷம் மாமா."

"ஓ, உன் டப்பாவா? உங்கப்பன் ஒஸ்மாரைத் தலை நிறைய சோப்போட எத்தனை நாள் நிக்க வெச்சுது! 'டிர்ஸே, உம் பொண்ணு என்னைக் கொல்லப் பாக்குறா'ன்னு அவன் கத்துறது எங்க அடுப்படி வரைக்கும் கேக்கும்." சிரித்தார். சிரித்த வாயைக் கையால் துடைத்துக்கொண்டார். "இப்ப ஒரு மாசமா சத்தமே இல்ல. சரி பண்ணிட்டே போல."

அவள் சரி செய்யவில்லை.

டப்பா அவள் வடிவமைத்தது. இங்கே எல்லா வீட்டு ஷவரிலும் சூடேற்றும் கம்பிச்சுருள் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். துளி மின்சாரம் கசியத்தான் செய்யும். துளி கசிந்தாலும், அது குளிப்பவரைத் தாக்குமுன் டப்பா மின்சாரத்தை நிறுத்திவிடும். அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலை சோதனைக்குத் தந்தவற்றில் முதலாவதை இந்த வீட்டில்தான் மாட்டினாள். இங்கே ஜூன்தான் குளிர்காலம். அந்தக் குளிரில் அம்மா போன் செய்தாள்: "பாதிக் குளியல்ல நின்னு நடுங்குறாருடி, ஏதாவது பண்ணேன்."

"நிறுத்துறதுதாம்மா அதோட வேலை," என்று சொல்லிவிட்டு ஜாசிரா போனை வைத்துவிட்டாள்.

மூடி கழன்றது. உள்ளே, சுவரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளும் டப்பாவின் கருவிக்குள் போகாமல், ஷவருக்குப் போகும் கம்பிகளோடு நேராக முறுக்கப்பட்டிருந்தன. மேலே மஞ்சள் டேப். உறைய வைக்கும் பீன்ஸ் பைகளை அம்மா ஒட்டி மூடும் டேப்.

இந்த வீட்டில் கம்பிச்சுருள் அறுந்தால் மாற்றுவது எப்போதும் அம்மாதான். அப்பா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "விழுந்து தொலைச்சிடாதே. இந்த வயசுல எனக்கு எவ பொண்ணு குடுப்பா?"

"எல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு?" வால்டெசிர் எட்டிப் பார்த்தார்.

ஜாசிரா தோளால் மறைத்தாள்.

"ஒழுங்கா இருக்கு மாமா. நீங்க போய் வண்டியை எடுங்க."

டேப்பைப் பிரித்தாள். பிசுபிசுப்பு விரலில் ஒட்டியது. கம்பிகளைப் பழையபடி கருவியில் பொருத்தி மூடி, மெயினைப் போட்டாள். டேப்பை உருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். சட்டையை எடுக்க மறந்து, வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள்.

அடக்கம் முடிந்து வந்ததும் அம்மா துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள். கல்லறையிலிருந்து வந்தால் குளிக்காமல் உட்கார மாட்டாள். ஷவர் ரீங்கரித்தது. கதவிடுக்கில் ஆவி வந்தது.

ஜாசிரா கூடத்தில் நின்றாள்.

டக்.

ரீங்காரம் நின்றது. டப்பா நிறுத்தும் சத்தம்; ஒரு மாதமாக அந்த வீட்டில் கேட்காதது.

அம்மா கூப்பிடுவாள் என்று காத்திருந்தாள். என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்தாள்.

அம்மா கூப்பிடவில்லை. கதவிடுக்கில் ஆவி குறைந்து இல்லாமல் போனது. கதவிடுக்கின் கீழே நின்றிருந்த அம்மாவின் பாதங்கள்மேல் குளிர்ந்த தண்ணீர் மட்டும் நெடுநேரம் விழுந்துகொண்டிருந்தது.