‘விடு’ சொல்லாமல் போனவன்

வீட்டில் அவனுக்கு அவசரம் என்று பேர். எட்டாம் மாதமே பிறந்துவிட்டவனுக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்! வயது இருபத்தேழு. இருப்பது கடல் தாண்டிய ஒரு நகரத்தில். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, உலர்த்தி, மடித்து அனுப்பும் சலவைக்கூடத்தில் மடிப்புப் பிரிவில் வேலை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெரிய விரிப்பை இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்து மடிக்க வேண்டும். ஒருவன் எண்ணிக்கை சொல்வான், மற்றவன் முனைகளைப் பிடித்திருப்பான். எண்ணுகிறவன் “விடு” என்று சொல்லும்வரை பிடித்தவன் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் துணி தரையில் விழும். மறுபடி வெளுக்கப் போகும். அவசரம் எண்ணுவான், மீசை என்று எல்லாரும் கூப்பிடும் கூட்டாளி பிடிப்பான். மீசைக்கு மீசை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு இருந்ததாம்.

மனைவிக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. ஊரில் அவனுடைய அப்பாவோடும் அக்காவோடும் இருந்தாள். மாதச் சோதனைக்குப் போனபோது கிளினிக் நர்ஸ், எல்லாம் நன்றாக இருக்கிறது, தினமும் வீட்டிலேயே கொஞ்சம் உடற்பயிற்சி செய்யலாம் என்று சொல்லி நாலைந்து பயிற்சிகளைக் காட்டியும் விட்டாள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகால் தூக்குவது, நின்ற இடத்திலேயே நடப்பது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, அவ்வளவுதான். அவளுக்குப் பயம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரத்தில் உட்கார்ந்தே பொழுதைப் போக்கினாள்.

அவசரத்துக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தன்னைப் போலவே பிள்ளையும் முந்திக்கொண்டு வந்துவிடுமோ என்று ஒரு பயம். தகப்பன் என்று பேர் வாங்கப் போகிறவன் இங்கே யாரோ படுத்தெழுந்த விரிப்பை மடித்துக்கொண்டிருக்கிறோமே என்று இன்னொரு உறுத்தல். தன்னால் ஆனது ஏதாவது வேண்டும். எண்ணத் தெரியும். ஆகவே எண்ணுவது என்று முடிவு செய்தான்.

அவனுடைய பத்து மணித் தேநீர் இடைவேளை, அவளுக்குக் காலை ஏழரை. அக்கா தையல் கடைக்குக் கிளம்பியிருப்பாள், அப்பா நடைக்குப் போயிருப்பார். அவள் போனை அலமாரியில் சாய்த்து வைப்பாள். அவன் அழுக்குத் துணி வண்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டு எண்ணுவான்.

மூன்றாம் நாளே அவள் திருட்டு வேலையில் இறங்கினாள்.

“பதினாறு, பதினேழு... ஏய், உக்காந்துட்டியா? நாற்காலி காலியா இருந்துச்சு, இப்ப உன் தலை தெரியுது!”

“வாத்தியாரே, பதினெட்டு, பத்தொம்பது, இருவது. முடிஞ்சு போச்சு. எனக்குப் பசிக்குது.”

“ஏமாத்தாத. எங்க வேலையில ஒரு சட்டம் இருக்கு. எண்ணுறவன் ‘விடு’ன்னு சொல்ற வரைக்கும் பிடிச்சவன் விடக் கூடாது.”

“நான் என்ன பெட்ஷீட்டா?”

“உள்ள இருக்கிறவன் கேட்டுக்கிட்டு இருக்கான். அம்மா ஏமாத்துக்காரின்னு நினைச்சுக்கப் போறான்.”

“சரி சாமி. நீங்க ‘விடு’ன்னு சொல்ற வரைக்கும் கையை எடுக்க மாட்டேன். போதுமா?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொன்ன சொல்லை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவள் இல்லை அவள். அது அவனுக்கும் தெரியும்.

அடுத்த வியாழக்கிழமை. அவள் நாற்காலியைப் பிடித்து நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தாள். அவன் பதினொன்று என்று சொல்லி வாய் மூடுவதற்குள் மேற்பார்வையாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். மடிப்புப் பிரிவில் போன் கையில் இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவசரம் போனை வண்டியிலிருந்த துணிக்குள் செருகினான். அவர் அந்த வண்டியைக் காட்டியே, “இதை அந்தப் பக்கம் தள்ளு. நீ என்கூட வா, லாரி வந்து நிக்குது” என்றார்.

லாரி நிறைய மூட்டை. இறக்கி முடித்து ஓடிவந்து துணியைக் கிளறியபோது இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. இணைப்பு அறுபடவே இல்லை. திரையில் சுவர் தெரிந்தது. நாற்காலியின் ஒரு கால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏய்... கேக்குதா? எங்க இருக்க? ஏய்!”

பதில் இல்லை. அக்காவுக்குப் போன் போட்டான். “வீட்டுக்குப் போ, வீட்டுக்குப் போ” என்பதைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

தையல் கடை இரண்டு தெரு தள்ளித்தான். அக்கா போனபோது அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. முழங்கையில் சிராய்ப்பு. நாற்காலியோடு சரிந்திருக்கிறாள். வயிறு தரையில் படாமல் பக்கவாட்டில் விழுந்தது யார் செய்த புண்ணியமோ. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட பல்லில் படவில்லை.

மதியம் அக்கா கிளினிக்கிலிருந்து கூப்பிட்டாள். “குழந்தை துடிப்பு நல்லா இருக்காம்டா. சாயந்திரம் வரைக்கும் வச்சுப் பாத்துட்டு அனுப்புவாங்க. இரு, நர்ஸ் பேசுறாங்க, நீயும் கேளு.” ஸ்பீக்கரில் போட்டாள்.

நர்ஸின் குரல் கறாராக வந்தது. “வெறும் வயித்துல யாரும்மா செய்யச் சொன்னது? நான் என்ன சொல்லி அனுப்பினேன்? பேசிக்கிட்டே செய்யணும். பேச முடியாம மூச்சு வாங்குதுன்னா அதிகமாயிடுச்சுன்னு அர்த்தம். தலை சுத்துச்சுன்னா, வயித்துல வலி வந்துச்சுன்னா, ரத்தம் பட்டுச்சுன்னா, தண்ணி கசிஞ்சுதுன்னா அந்த நிமிஷமே நிறுத்திட்டு இங்க கூப்பிடணும். எவ்வளவு நேரம் செஞ்சே?”

“அரைமணி இருக்கும்.”

“யாரு இவ்வளவு நேரம் செய்ய வச்சது?”

அவசரம் வாயைத் திறந்தான்.

“நானேதான்,” என்றாள் மனைவி. “கொஞ்சம் ஆசையில அதிகமா செஞ்சுட்டேன்.”

வேலை மணி அடித்தது, போனை வைத்துவிட்டான். அந்த மணி அடித்ததில் தனக்கு ஒரு நிம்மதி வந்ததை அவன் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தான். நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசியது.

சாயந்திரம் குடும்ப வாட்ஸப் குழுவில் ஆளாளுக்கு அவளைப் பிடித்துக்கொண்டார்கள். “சொன்ன பேச்சு கேக்குற பழக்கமே இல்ல” என்று அக்கா. “நாங்கல்லாம் இதைச் செஞ்சா பெத்தோம்?” என்று பெரியம்மா. அப்பா ஒரே வரியில் தீர்ப்பு எழுதினார்: “இனிமேல் பிரசவம் வரை மருமகள் கட்டிலை விட்டு இறங்க வேண்டாம்.” மூன்று நாள் ஓய்வுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கலாம், நடக்காமலே கிடப்பதுதான் நல்லதில்லை என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவசரம் எல்லாவற்றையும் படித்தான். கும்பிடும் கைப் படம் ஒன்றைப் போட்டுவிட்டுக் குழுவை மூடினான்.

ஒரு வாரம் அப்படியே போனது. எட்டாம் நாள் அவளைக் கூப்பிட்டான்.

“கால் வீங்கியிருக்குன்னு அக்கா சொன்னா.”

“கட்டிலே கதின்னு கிடந்தா வீங்காம என்ன செய்யும்? கூடத்துக்கு வந்தாலே மாமா எந்திரிச்சு நின்னுடுறார், போலீஸ் மாதிரி.”

“அன்னிக்கு நர்ஸ்கிட்ட ஏன் என் பேரைச் சொல்லல?”

“சொன்னா எல்லாரும் உங்க மேல பாய்வாங்க. நீங்க அங்க ஒத்தையா இருக்கீங்க. இங்க நான்னா திட்டு வாங்கிட்டு அண்ணிகிட்டயே டீ போடச் சொல்லிக் கேக்கலாம்.”

“தலை சுத்தினப்பவே உக்காந்திருக்கலாம்ல?”

அவள் காலைத் தலையணை மேல் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

“மெஷின் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. வந்துடுவீங்க, வந்துடுவீங்கன்னு நானே எண்ணிக்கிட்டு இருந்தேன். போனோட பிடிபட்டு உங்களை வேலையை விட்டு அனுப்பிட்டாங்களோன்னு வேற பயம். சத்தியமா உக்காரணும்னே தோணல.”

அன்று மடிப்பு மேசையில் அவனுக்கு எண்ணிக்கை பிசகியது. எட்டோடு நின்றுவிட்டான். எதிரே மீசை விரிப்பின் இரண்டு முனைகளையும் கைகளை அகல நீட்டிப் பிடித்தபடி நின்றான்.

“அண்ணாச்சி, தூங்கிட்டியா? தோள்பட்டை கழண்டு விழப் போகுது. விடுன்னு சொல்லித் தொலை!”

“நீயே விட வேண்டியதுதானே?”

“நல்லா இருக்கே கதை! விட்டா என்னைத்தானே திட்டுவே?”

அவசரம் தன் பக்கத்து முனைகளைக் கீழே போட்டான். விரிப்பில் பாதி தரையில் படிந்தது. மீசை திட்டத் திட்ட, அதை வாரி அழுக்குத் துணி வண்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தான்.

உலர்த்தியிலிருந்து வரும் சூட்டுத் துணியைப் பிடித்துப் பிடித்து அவன் விரல் நுனிகள் வெடித்திருந்தன. போன் திரை அவன் தொடுகையை மதிப்பதே இல்லை. குரலாக அனுப்பலாமென்றால் அப்பாவுக்குக் காது மந்தம். அதனால் வாயால் சொல்லி எழுத்தாக்கி அனுப்புவதுதான் வழக்கம். வண்டி நிறுத்துமிடத்துச் சுவரோரம் நின்று, போனை வாயருகே பிடித்தான். முதல் முறை அழித்தான். இரண்டாம் முறையும் அழித்தான். அவள் மேல் தவறில்லை என்று தொடங்கினால் தன் தவறு எங்கோ ஒளிந்துகொள்வதுபோல இருந்தது. மூன்றாம் முறை முதல் வரியிலேயே தன்னை வைத்தான். ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, யோசனை வருவதற்குள் குழுவில் போட்டான்.

“நான்தான், அவசரம். அன்னிக்கு அவ தானா அதிகமா செய்யல. நான்தான் தினமும் எண்ணிக்கிட்டு இருந்தேன். என் டீ நேரம்னு பாத்து அவளை வெறும் வயித்துல நிக்க வச்சதும் நான்தான். நான் விடுன்னு சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு சொன்னேன். மேற்பார்வையாளரைப் பாத்ததும் போனைத் துணிக்குள்ள போட்டுட்டுப் போயிட்டேன். விடுன்னு சொல்லவே இல்ல. அவ விழுற வரைக்கும் நடந்திருக்கா. நீங்க எல்லாரும் அவளைத் திட்டினதைப் படிச்சுட்டு ஒரு வாரம் பேசாம இருந்தேன். அதுக்கு எனக்கு மன்னிப்பு இருக்கான்னு தெரியல. அப்பா, திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க. யார் இதைப் படிச்சாலும் ஒண்ணு மட்டும் செய்யுங்க. நாளைக்கு நர்ஸ்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, காலையில முதல்ல அவளைச் சாப்பிட வைங்க. கொஞ்சம் பொறுத்து கூடத்துல நாற்காலி போட்டு, யாராவது ஒருத்தர் பக்கத்துல நின்னு அவகூடப் பேசிக்கிட்டு இருங்க. எண்ண வேண்டாம். அவ போதும்னு சொன்னா உக்கார வைங்க.”