அண்ணாவியார் பாடிக்கொண்டிருந்த நேரம்

ஐயாத்துரை மாஸ்ரரின் மாலை எழுத்து வகுப்பில் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான் ஒருவன்தான். அதில் நடையும் இல்லை, உவமையும் இல்லை என்று எனக்கே தெரியும். நேரம் மட்டும் தவறாது. அதனால்தான், 1998 ஆவணியில் மல்லாவியில் நடந்த எழுத்தாளர் சந்திப்பில் குறிப்பெடுக்கும் வேலையை மாஸ்ரர் என்னிடம் தந்தார்.

பள்ளிக்கூடத்தின் ஓலைக் கொட்டகையில் முன்னுக்கு மூன்று கதிரைகள். ஒன்றில் கவிதை எழுதும் விமலேஸ்வரி அக்கா. அடுத்ததில் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சூசைப்பிள்ளை. மூன்றாவதில் துப்பறியும் கதை எழுதும் யோகநாதன். அவர் அரசாங்கக் கட்டுப்பாட்டிலிருந்த வவுனியாவிலிருந்து இராணுவத்திடம் பாஸ் எடுத்து முதல்நாள் பின்னேரம்தான் வந்து சேர்ந்திருந்தார்.

சரியாக மூன்று மணிக்குத் தொடங்கினோம். யோகநாதன் எழும்பியதும் தன் கைமணிக்கூட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"எங்கடை பக்கமும் இப்பிடித்தான். அரை மணித்தியாலம் பிந்தாட்டி அது இலக்கியக் கூட்டமில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நாங்கள் ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லை. 'கூசாமல் பொய் சொல்கிறார்' என்று ஓரத்தில் எழுதினேன்.

பிறகு விமலேஸ்வரி அக்கா வாசித்தா. கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தபோது அவா தூக்கி வந்தது அந்த ஒரு கொப்பியைத்தான். ஐம்பத்திரண்டு கவிதைகள். வேறு பிரதி கிடையாது. வாசித்து முடித்துக் கொப்பியை முன்மேசையில் வைத்தா. மூன்றே முக்காலுக்குத் தேநீர் இடைவேளை. நாலு மணி ஐந்துக்கு எல்லோரும் திரும்பிவிட்டார்கள். நாலு பத்திலிருந்து நாலு இருபத்தைந்து வரை அண்ணாவியார் பாடினார். அவர் அமர்ந்ததும் விமலேஸ்வரி அக்கா மேசையைப் பார்த்தா. கொப்பி இல்லை.

மேசைக்குக் கீழே பார்த்தோம். கதிரைகளைத் தூக்கிப் பார்த்தோம். அக்கா வெறும் மேசையைக் கையால் தடவிக்கொண்டு நின்றா.

"தேத்தண்ணி நேரம் ஆர் உள்ளுக்கை நிண்டது?" என்று மாஸ்ரர் கேட்டார்.

"நான் நிக்கேல்லை," என்றார் யோகநாதன் உடனே. "கிணத்தடியிலை முகம் கழுவினனான். மணிக்கூட்டைக் கழட்டேக்கை பாத்தன், சரியா நாலேகால்."

நான் குறிப்பைப் புரட்டினேன். எழும்பலாமா, விடலாமா என்று இரண்டு தரம் யோசித்துவிட்டு எழும்பினேன்.

"நாலேகாலுக்கு அண்ணாவியார் பாடிக்கொண்டு நிண்டவர். நீங்கள் இந்தக் கதிரையிலை இருந்து தலையாட்டினீங்கள். எழுதி வைச்சிருக்கிறன்."

"தம்பி, நான் மணிக்கூட்டைப் பாத்தனான்," என்றார் அவர்.

"அப்ப தேத்தண்ணி நேரம் எங்கை நிண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

பின்வரிசையில் ஒரு குரல், "கள்ளனைப் பிடிக்கிற கதை எழுதுறவருக்குக் கள்ள வேலை தெரியாதோ?" என்றது. இன்னொருவர், "அங்கை கொண்டுபோய்த் தன்ரை பேரிலை அச்சடிக்கத்தான்," என்றார். வவுனியாவில் அச்சகம் இருந்தது. இங்கே எழுதக் கடதாசியே இல்லை. கேட்டவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

மாஸ்ரர் தலையைச் சொறிந்தார். "குறை நினைக்காதையுங்கோ. பையை ஒருக்கால் திறந்து காட்டினியளெண்டா எல்லாருக்கும் நல்லது."

யோகநாதனின் முகம் கறுத்தது. பையைத் தூக்கி மேசையில் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். உடுக்கிற சாரம் ஒன்று. இரண்டு சவுக்காரக் கட்டி. பனடோல் அட்டை ஒன்று. நூலால் கட்டிய ஒரு கதைக் கட்டு. அதையும் அவிழ்த்துத் தாள் தாளாகக் காட்டினார். அப்போது அவருடைய மணிக்கூடு என் கண்ணுக்கு நேரே வந்தது.

ஐந்து மணி இரண்டு நிமிடம். என்னுடையதில் நாலு முப்பத்திரண்டு.

இரண்டு வருடங்களுக்கு முன் அரசாங்கம் நேரத்தை அரை மணித்தியாலம் கூட்டியது. வவுனியாவில் அந்தப் புது நேரம். இங்கே, இயக்கத்தின் கட்டுப்பாட்டுக்குள், நாங்கள் பழைய நேரத்திலேயே இருந்தோம். அவருடைய நாலேகால் எங்களுடைய மூன்றே முக்கால், தேநீருக்கு எழும்பிய அதே நேரம். அவர் சொன்னதெல்லாம் உண்மை. கூட்டம் பிந்தியது என்று சொன்னதும்கூட.

வாயைத் திறக்க வேண்டும். ஆனால் என் மணிக்கூடு நின்று ஓடியிருந்தால்? கொப்பியை உண்மையிலேயே அவர் எடுத்திருந்தால்? குனிந்து, எழுதுவதுபோலப் பேனையை அசைத்துக்கொண்டிருந்தேன். பை வெறுமையானது. ஒருவரும் அவருக்குப் பக்கத்தில் இருக்கவில்லை.

தேநீர் ஊற்றிய இராசமலர் அக்கா கேத்தலோடு உள்ளே வந்தா.

"இன்னும் கொஞ்சம் கிடக்கு, ஆருக்கு வேணும்?"

கேத்தலின் மூடியாக இருந்தது கொப்பி. நீல அட்டையில் ஆவி பிடித்து ஒரு வெள்ளை வட்டம்.

"ஐயோ, எடியே!" என்று விமலேஸ்வரி அக்கா பாய்ந்தா.

"ஈ மொய்க்குதெண்டு மூடினனான். மேசையிலை சும்மா கிடந்துது. தடிச்ச அட்டை, நல்லா மூடிச்சுது," என்றா இராசமலர் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். யோகநாதன் சாரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் எழும்பி, புது நேரம் பழைய நேரம் என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மாஸ்ரர் கேட்டுவிட்டு உரத்துச் சொன்னார்.

"பதினாலு துப்பறியும் கதை எழுதினனான். இது எனக்குப் பிடிபடேல்லையே," என்றார் யோகநாதன். மறுபடியும் சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்து அவர் றோட்டில் உழவு இயந்திரத்துக்குக் காத்து நின்றார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மணிக்கூட்டை எப்ப கண்டனீர்?" என்று கேட்டார்.

"நீங்கள் கதைக் கட்டை அவிழ்க்கேக்கை."

"கொப்பி அதுக்குப் பிறகெல்லோ வந்தது?"

"ஓம்."

அவர் என் குறிப்பைக் கேட்டு வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். கொப்பி கிடைத்தது 4.38 என்று இருந்தது. அதற்கு மேல் ஒரு வரி அளவுக்கு இடம் விட்டிருந்தேன்.

"இதிலை என்ன வரும்?"

அவர் குறிப்பை என்னிடமே திருப்பித் தந்தார். உழவு இயந்திரம் வந்தது. பின் பெட்டியில் ஏறி, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அது வளைவில் திரும்புவதற்குள் அந்த இடத்தில் எழுதினேன்: '4.32. அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.'