அம்சவள்ளி பெயரில் ஒரு சேலை

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அரியலூர் ரயிலடியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் தர்மராஜ் கேட்டார்: "ஒரு ஆம்பளை, சும்மா தன் ஆசைக்கு, பொம்பளை உடுப்பா வாங்கிச் சேக்கணும்னா எவ்வளவுங்க ஆவும்?"

யாருக்காகக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்காக அவர் எனக்கு இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட உட்கார்ந்தேன். சேலை இவ்வளவு, ரவிக்கை இவ்வளவு, சவுரி இவ்வளவு என்று கால் பக்கம் போவதற்குள் சலித்துவிட்டது. விலையை எழுதினால் விலைப்பட்டியல்தான் வரும். ஆகவே காலத்தை 1946க்குத் தள்ளிக்கொண்டு போனேன். அப்போது துணிக்குக் கட்டுப்பாடு. குடும்பக் கார்டில் பெண்ணின் பெயர் இருந்தால்தான் கடையில் சேலை. மடியில் எவ்வளவு காசு இருந்தாலும் பெயர் இல்லாவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். தர்மராஜின் கேள்வி இப்போது வேறாகிவிட்டது பாருங்கள். ஓர் ஆண் சேலை சேர்க்க வேண்டுமென்றால் முதலில் ஒரு பெண்ணை உண்டாக்க வேண்டும்.

(கார்டு, அதைப் பதியும் முறை, சேர்க்கும் விதி, நீக்கும் விதி எல்லாவற்றையும் என் இஷ்டத்துக்குச் செய்திருக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதுவே என் கழுத்தைப் பிடிக்கப்போகிறது.)

2

முதல் தொடக்கம்: "பெரம்பலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பில் கலெக்டர் சாமிதுரை கண்ணாடி முன் நின்று —"

வேண்டாம். ஆளைக் கண்ணாடி முன் நிறுத்தினால் நீங்கள் சிரிக்கத் தயாராகிவிடுவீர்கள். சாமிதுரையை நான் சிரிக்கக் கொடுக்கமாட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "சின்ன வயதில் அக்காவின் பாவாடையை எடுத்து —"

இதுவும் வேண்டாம். இது காரணம் தேடுகிற தொடக்கம். சீட்டாடுகிறவரிடமும் புறா வளர்க்கிறவரிடமும் யாரும் காரணம் கேட்பதில்லை. அவருக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாவதைத்தான் வைத்துக்கொண்டேன். முப்பத்துநாலு வயது சாமிதுரை, கட்டை பிரம்மச்சாரி, பெரம்பலூரில் வீட்டு வரி வசூலிக்கிறவர், அரியலூர்வரை சைக்கிள் மிதித்து உத்திராபதி என்ற தையல்காரரின் கடைக்குள் நுழைகிறார். அங்கேதான் அவரை யாருக்கும் தெரியாது.

"ரவிக்கை யாருக்குங்க?"

"வூட்டுல."

"அளவு ரவிக்கை கொண்டாந்தீங்களா?"

சாமிதுரை சட்டைப் பையைத் தடவினார். வரும் வழியெல்லாம் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் தயார் செய்திருந்தார். இந்த ஒன்றை மறந்துவிட்டார்.

"மறந்துட்டேன். அவ கிட்டத்தட்ட என் ஒடம்புதான். என்னையே அளந்துக்குங்க."

உத்திராபதி நாடாவை அவர் தோளில் வைத்து அளந்தார். "நல்ல தாட்டியான அம்மாதான். பேரு என்னங்க? துண்டுல எழுதிச் சொருகணும், இல்லாட்டி மாறிப்போயிரும்."

"அம்சவள்ளி."

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. திரும்பி வரும்போது அவர் சைக்கிளை மெதுவாக மிதித்தார். பின்னால் யாரோ உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது.

3

ஞாயிறு மத்தியானம். சாமிதுரையின் வீட்டுக் கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக ஒரு சதுர வெளிச்சம் தரையில் விழும். கொல்லைக் கதவையும் வாசல் கதவையும் சாத்திவிட்டு அவர் தகரப் பெட்டியைத் திறப்பார். உள்ளே ஜெயங்கொண்டத்தில் வாங்கிய கத்தரிப்பூ நிறச் சேலை, மாந்தளிர் நிறத்தில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று. கட்டுப்பாடு வருமுன் வாங்கியவையும் பிறகு வாங்கியவையுமாக மொத்தம் ஏழு. வளையல் போடுவதுதான் பெரிய பாடு. சவுக்காரம் தடவிக் கையைக் குவித்து நுழைத்தாலும் டஜனுக்கு நாலு உடையும்.

கட்டி முடித்தபின் அம்சவள்ளி என்ன செய்வாள்? இந்த இடத்தில் நான் பல பக்கம் எழுதிக் கிழித்தேன். ஆடவிட்டேன், பாடவிட்டேன். அவள் இரண்டுக்கும் மறுத்துவிட்டாள். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். வெளிச்சச் சதுரம் மெல்ல நகர்ந்து அவள் பாதத்தைத் தொடும், பிறகு கொசுவத்தில் ஏறும், பிறகு மடிக்கு வரும். மடிக்கு வந்ததும் உள்ளங்கையை அதில் வைத்துப் பார்ப்பாள். கஞ்சி போட்ட நூல் சேலையின் வாசனை வரும். தெருவில் மாட்டுவண்டி போகிற சத்தம் எங்கோ வேறு ஊரில் கேட்பதுபோல் கேட்கும். அந்த இரண்டு மணி நேரம் உலகத்தில் யாரும் யாரிடமும் வரி கேட்கவில்லை. சாமிதுரை சந்தோஷமாக இருந்தார். இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

அக்கம்பக்கத்தில், தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, பெண்சாதி பிறந்த வீட்டோடு இருக்கிறாள், எப்போதாவது வருவாள் என்று சொல்லி வைத்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் பில் கலெக்டர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க யாருக்கு ஆசை வரும்?

4

துணிக் கார்டுக்குத் தலை எண்ணும் வேலை அவரிடமே வந்தது.

பெரிய வீட்டுப் பெண்கள் அயல் ஆண் முன் வரமாட்டார்கள். கதவிடுக்கில் கையை மட்டும் நீட்டுவார்கள். வளையல் கையை எண்ணிப் பதிவேட்டில் சிவப்பு மையால் "நேரில் பார்த்தேன்" என்று எழுதுவார் சாமிதுரை. (இந்த வழக்கமும் என் கற்பனை. எழுதி முடித்ததும் எனக்கே உண்மைபோல் இருந்தது.) கறாரான மனிதர். செத்துப்போன மாமியாரையும் இனிமேல் கட்டப்போகிற மருமகளையும் சேர்த்துச் சொன்ன வீடுகளில் ஈவிரக்கமில்லாமல் பெயரை அடித்தார்.

ஏரிக்கரைத் தெருவில் கூலிக்காரர்களின் குடிசைகள். அங்கே கதவு கிடையாது, ஓலைப் படல்தான். அங்கே கையை நீட்டுகிற வழக்கமும் கிடையாது. முழு ஆளும் வெளியே வந்து நிற்க வேண்டும். ஒரு குடிசையில் மூன்று தடவை கூப்பிட்டார். படல் அசைந்தது. யாரும் வரவில்லை. "அம்மாக்கண்ணு, வயது 22" என்ற வரியில் "ஆள் இல்லை" என்று எழுதிப் பெயரை அடித்தார்.

கடைசியாகத் தன் வீட்டுப் பக்கத்துக்கு வந்தார். பேனா கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலே நின்றது. பிறகு எழுதினார்: அம்சவள்ளி, வயது 29, மனைவி. நேரில் பார்த்தேன்.

இதில் ஒரே ஒரு சொல்தான் பொய் என்று அவர் நினைத்தார். "மனைவி" என்ற சொல். மற்றதெல்லாம் கண்ணாடியில் கண்ட சத்தியம்.

5

ஒரு ஞாயிறு மத்தியானம் கொல்லைக் கதவு தட்டப்பட்டது.

"ஐயா! ஐயா!"

சாமிதுரை கத்தரிப்பூச் சேலையில் இருந்தார். திடுக்கிட்டு எழுந்ததில் வளையல்கள் சத்தம் போட்டன.

"அம்மாவா? ஊருலேருந்து வந்திருக்கீங்களா தாயி?"

"ம்" என்றார். முடிந்த அளவு மெல்லிசாக.

"கும்புடறேன் தாயி. ஏரிக்கரைத் தெரு கொளஞ்சி நான். ஐயாகிட்ட சொல்ல வெக்கம். பொம்பளைக்குப் பொம்பளை உங்ககிட்ட சொல்லலாம்." கதவுக்கு வெளியே அவள் உட்கார்ந்த ஓசை கேட்டது. "என் மவ அம்மாக்கண்ணு பேர ஐயா அடிச்சிட்டாங்க. ஐயா வந்தன்னிக்கி நான் கடலக் கொல்லையில களை வெட்டப் போயிட்டேன். அவ உள்ளதான் இருந்தா. வெளிய வா, பாக்கணும்னாங்களாம். எப்புடித் தாயி வருவா? எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சேலை. அத நான்ல கட்டிக்கிட்டுப் போயிட்டேன்!"

உள்ளே சாமிதுரை வளையல்களைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"நான் வேலைக்கிப் போனா அவ படலுக்குள்ள. அவ போனா நான். ஒருத்தி கூலியில ரெண்டு வவுறு. நீங்க ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க தாயி."

சாமிதுரைக்கு அசைந்த படல் நினைவுக்கு வந்தது. சேலை இல்லாததால் அவள் வெளியே வரவில்லை. வெளியே வராததால் அவளுக்குச் சேலை இல்லை. அதைத் தன் கையால், தன் சிவப்பு மையால் எழுதியிருக்கிறார். அவள் ஒரு கையை நீட்டியிருந்தால்கூடப் போதுமே என்று நினைத்தார். நீட்டலாம் என்று அவளுக்கு யார் சொன்னது? ஏரிக்கரைத் தெருவில் நீட்டியிருந்தாலும் அவர் ஒப்புக்கொண்டிருப்பாரா? இல்லாத ஒருத்திக்குச் சேலை வாங்கி மடித்து வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவர் நெஞ்சில் உறைத்தது. உட்கார்ந்து அழுதார். வளையல் குலுங்காமல் அழுதார்.

பிறகு பெட்டியைத் திறந்தார். கட்டியிருந்த கத்தரிப்பூச் சேலையையே அவிழ்த்துக் கொடுத்தார் என்று முதலில் எழுதியிருந்தேன். எனக்கே நம்பிக்கையில்லை. பொருள் சேர்க்கிறவருக்குக் கொஞ்சம் கஞ்சத்தனமும் இருக்கும். ஆகவே இருப்பதிலேயே பழைய சேலை ஒன்றை எடுத்தார். கதவை ஒரு சாண் திறந்து கையை நீட்டினார்.

கொளஞ்சியம்மாள் சேலையை வாங்கினாள். கையைப் பார்த்தாள். கண்ணாடி வளையல்கள். நடுவிரலில் சிவப்பு மைக் கறை.

வீட்டு வரிக்கு வரும்போதெல்லாம் பார்த்த விரல்; தன் மகளின் பெயரை அடித்ததும் அதுதான் என்று அவளுக்குத் தெரியாதா? சேலையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"தாயி நல்லாருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

6

அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து சிவசுப்பிரமணியன் என்ற இன்ஸ்பெக்டர் வந்தார், பதிவேட்டைச் சரிபார்க்க. ஊருக்கு இத்தனை பெயர் என்று தொகை கட்டிவிட்டார்கள். ஒரு பெயரை எடுத்தால்தான் இன்னொரு பெயரைச் சேர்க்கலாம். ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் சாமிதுரையின் வாசலில் நின்றார். மகளுக்காக முறையிட வந்த கொளஞ்சியம்மாளும் ஓரமாக நின்றிருந்தாள். கதவிடுக்கில் கிடைத்த சேலையைக் கட்டிக்கொண்டு அம்மாக்கண்ணு கடலைக் கொல்லைக்குப் போயிருந்தாள்.

"அம்சவள்ளிங்கிறது உங்க சம்சாரமா? எங்க?"

"பொறந்த வூட்டுக்குப் போயிருக்கா சார்."

"கேக்கறவங்ககிட்டல்லாம் இதேதான் சொல்றீங்களாம். பாத்தவங்க யாராவது இருக்காங்களா?" இன்ஸ்பெக்டர் கொளஞ்சியம்மாள் பக்கம் திரும்பினார். "நீ பாத்திருக்கியாம்மா? இல்லேன்னா இந்தப் பேர அடிச்சிட்டு உன் மவ பேர எழுதிடலாம்."

கொளஞ்சியம்மாள் சாமிதுரையின் விரலைப் பார்த்தாள். சாமிதுரை தரையைப் பார்த்தார். வேலை, மானம், ஞாயிறு மத்தியானம் எல்லாம் அவள் நாக்கு நுனியில் இருந்தன.

அவள் வாயைத் திற —

இங்கே மூன்று மாதம் நின்றுவிட்டேன்.

7

ஒரு முடிவில் அவள் சொன்னாள்: "பாத்தேனுங்க. அந்தம்மா கையாலதான் சேலையே வாங்கினேன்." எழுதியபோது எனக்குக் கண் கலங்கியது. மறுநாள் படித்தபோது எரிச்சல் வந்தது. இல்லாதவர்களைப் பெருந்தன்மைக்காரர்களாக எழுதுவது என்னைப் போன்றவர்களுக்குச் சுலபம். அந்தப் பெருந்தன்மைக்குப் படலுக்குள் உட்காரப்போவது நானா?

இன்னொன்றில் உண்மையைச் சொன்னாள். சாமிதுரைக்கு வேலை போயிற்று. ஊர் வாய்விட்டுச் சிரித்தது. அம்மாக்கண்ணு பெயர் ஏறியது. நியாயம்தான். ஆனால் பூட்டிய வீட்டுக்குள் அந்தச் சதுர வெளிச்சம் தரையில் தனியாக நகர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

மூன்றாவதில் அவள் பேசுமுன் சாமிதுரையே பேசினார். "அவ இல்லேங்கறத மறைச்சிட்டேன் சார். அவ தவறிட்டா." பேனாவை வாங்கித் தானே அடித்தார். துக்கம் கேட்க ஊர் வந்தது. அவர் அழுத அழுகையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண்சாதி செத்தால் புருஷன் உடைக்க வளையல் கிடையாது. சாமிதுரை, எல்லோரும் போனபின், ஒவ்வொன்றாக உடைத்தார்.

இதுதான் எனக்குப் பிடித்தது. பிடித்ததாலேயே சந்தேகம் வந்து, ரயிலடியில் தர்மராஜிடம் படித்துக் காட்டினேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"அவளக் கொல்லாம அந்தப் பொண்ணு பேர எழுத முடியாதாங்க?"

"முடியாது. ஒரு பேரை எடுத்தால்தான் ஒரு பேர். அது விதி."

"அந்த விதிய யாரு போட்டது?"

நான்தான் போட்டேன். முதல் பகுதியிலேயே ஒப்புக்கொண்டும் இருக்கிறேன். எவ்வளவு ஆகும் என்று அவர் கேட்ட நாளில் காசில் பதில் சொல்லியிருந்தால் இந்த வம்பே இல்லை. அவர் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. இந்தத் தடவை டீக்கு நான் காசு கொடுத்தேன்.

ஆகவே கொளஞ்சியம்மாள் இன்னும் வாய் திறக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பதிவேட்டைப் பிரித்தபடி நிற்கிறார். சாமிதுரை வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. கொடுத்த பழஞ்சேலை கிழிந்தபின் ஏரிக்கரைத் தெருவில் யார் சேலை கட்டுவது என்று தெரியவில்லை. அது எத்தனை துவைப்புத் தாங்கும் என்பதும் தெரியவில்லை. நீங்கள் இருவரையும் இவ்வளவு நேரம் பார்த்திருக்கிறீர்கள். ஒருத்தியைக் கண்ணாடி ஓட்டின் கீழே, ஒருத்தியைப் படலுக்குப் பின்னால்.

பதிவேட்டின் அந்த இரண்டு வரிகள் கீழே இருக்கின்றன. விதியையும் சேர்த்து அடிப்பதென்றால் அடித்துக்கொள்ளுங்கள், எனக்குத் துணிச்சல் வரவில்லை. பேனாவை வாங்கும்போது மட்டும் பார்த்து. மை சிவப்பு. விரலில் ஒட்டினால் லேசில் போகாது.

அம்சவள்ளி, வயது 29. குறிப்பு: ..............

அம்மாக்கண்ணு, வயது 22. குறிப்பு: ..............